வராத வாடகைக்கு வரி

என் அத்தைக்கு 72 வயது. தர்மபுரி மாவட்டத்துப் பேரூராட்சி ஒன்றில், மாமா கட்டிவிட்டுப் போன 420 சதுர அடி ஓட்டு வீட்டில் தனியாக இருக்கிறார். மாசி, பங்குனியில் திண்ணையில் உட்கார்ந்து புளி உடைத்துக் கொட்டை எடுத்துக் கொடுப்பார். மற்ற மாதங்களில் முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய்தான் கதி. போன வாரம் சொத்து வரி கட்ட அவரை அழைத்துப் போனேன். இன்னும் எனக்கு வயிறு எரிகிறது.

"சாமி, இந்த வீட்டிலிருந்து எனக்கு ஒரு ரூபாய் வருகிறதா? நான்தானே படுத்திருக்கிறேன்?" என்று வரிசையில் நின்றபடி கேட்டார். என்ன சொல்வேன்? வீட்டை வாடகைக்கு விட்டால் என்ன கிடைக்கும் என்ற கணிப்பில் பிறந்த வரி இது. 1920-ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டமே அப்படித்தான் ஆண்டு மதிப்பைக் கணக்கிடச் சொன்னது. யாரும் தராத வாடகையைக் கற்பனை செய்து, அதில் பங்கு கேட்கிறார்கள்!

2022-இல் வரியை உயர்த்தியபோது, 600 சதுர அடிக்குள் உள்ள வீடுகளுக்கு 25 விழுக்காடுதான் உயர்வு என்று ஏதோ சலுகை கொடுத்ததுபோல் சொன்னார்கள். அத்தைக்கு 512 ரூபாயாக இருந்த அரையாண்டு வரி 640 ஆனது. பாதி மாத உதவித்தொகை அதிலேயே போய்விடும். ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்குவதற்குப் பெயர் உதவியா? அரையாண்டின் முதல் மாதத்திலேயே கட்டினால் 5 விழுக்காடு தள்ளுபடி உண்டு. அதுவும் கையில் காசு இருப்பவனுக்குத்தான். புளிக்காரர் கூலி தரும்வரை காத்திருப்பவருக்கு அது எப்படிக் கிடைக்கும்?

கேட்டபோது 15-ஆவது நிதிக்குழுவைக் காட்டினார்கள்; வரியைச் சீரமைத்தால்தான் ஒன்றிய அரசின் மானியம் வருமாம். சரி. அதே நிதிக்குழு கேரளத்துக்கும் மகாராஷ்டிரத்துக்கும் இருந்ததே! மும்பையில் 500 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு 2022-இல் வரியை நீக்கினார்கள். கேரளம் 2023-இல் வரியை உயர்த்தியபோதும், உரிமையாளரே குடியிருக்கும் 60 சதுர மீட்டர் வரையிலான வீடுகளை விட்டுவைத்தது. அது ஏறக்குறைய 645 சதுர அடி. அத்தையின் வீடு அங்கே இருந்திருந்தால் அவர் இந்த வரிசையில் நின்றிருக்கவே மாட்டார்.

தெருவிளக்குக்கும் தண்ணீருக்கும் பணம் வேண்டும், தெரியும். நான் இருக்கும் மாடி வீட்டுக்கு வரி கட்டுகிறேன். இன்னும் கூட்டினாலும் கட்டுவேன். வழிபாட்டுத் தலங்களுக்கு விலக்கு இருப்பதையும் நான் குறை சொல்லவில்லை. வேறு சொத்தில்லாமல், தானே குடியிருக்கும் 600 சதுர அடிக்குள்ளான வீட்டுக்கு வரி வேண்டாம் என்று ஓர் அரசாணை போட எது தடுக்கிறது?

அத்தை ரசீதை நான்காக மடித்து, மாமாவின் இறப்புச் சான்றிதழ் இருக்கும் பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொண்டார். "அடுத்தது எப்போது சாமி?" என்றார்.

அக்டோபரில்.