காய்ச்சல்காரருக்கு அன்றைய கூலி

மூச்சுக்காற்றில் பரவும் நோய் எதுவானாலும் சரி, கோவிட், பன்றிக்காய்ச்சல், நாளைக்கு வரப்போகும் பெயர் தெரியாத இன்னொன்று, அது ஒரு நகரத்தில் தலைதெறிக்க ஓடாமல் இழுத்துப் பிடிக்க நம்மிடம் இருக்கும் வழிகளில் மிகவும் செலவு குறைந்தது ஒன்று இருக்கிறது. காய்ச்சலும் இருமலும் கண்ட கூலித் தொழிலாளி முதல் நாளே வீட்டில் படுத்துக்கொள்ளும்படி, அன்றைய கூலியை அவர் கையில் கொடுத்துவிடுவது. இந்தச் செலவை யாரும் எந்தக் கணக்கிலும் எழுதுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

பெரிய கணக்குகள் நிறைய இருக்கின்றன. கோவிட்டால் 2024 வரை உலகப் பொருளாதாரத்துக்கு 12.5 லட்சம் கோடி டாலர் இழப்பு என்று 2022 தொடக்கத்தில் பன்னாட்டு நாணய நிதியம் மதிப்பிட்டது. அடுத்த பெருந்தொற்றுக்குத் தயாராக வருடத்துக்குச் சுமார் 3,100 கோடி டாலர் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் அதே வருடம் ஜி-20 நாடுகளுக்குக் கணக்குக் கொடுத்தன. பெருந்தொற்று நிதி என்று ஒன்றும் தொடங்கினார்கள். நோய்க் கண்காணிப்பு, ஆய்வகம், பயிற்சி பெற்ற பணியாளர்கள் என்பவை அதன் முன்னுரிமைகள். எல்லாம் வேண்டியவைதான், எதையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 'உனக்குத் தொற்று இருக்கிறது' என்று ஆய்வகம் சொன்ன பிறகு அந்த மனிதர் வேலைக்குப் போவாரா, வீட்டில் இருப்பாரா? நோய் நிற்பதும் பரவுவதும் அந்த இடத்தில்தான் முடிவாகிறது.

நான் மும்பை தாராவியில் சின்னப் பட்டறைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். தோல் பை, பெல்ட், ரெடிமேட் துணி, அப்புறம் இட்லி வியாபாரிகள் சிலர். அவர்களில் நெல்லைப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர். சாயங்காலம் மாவு அரைத்து வைத்தால், விடிவதற்கு முன்பே எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாக வேண்டும். பத்துக்குப் பத்து அறை. அவரும் தம்பி மகனும் ஊரிலிருந்து கூட்டிவந்த பையன்களும் தூங்குவதும் அங்கேதான், இட்லி அவிப்பதும் அங்கேதான். ஒருநாள் போர்வையைச் சுற்றிக்கொண்டு, கண் சிவந்துபோய், இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தார். கையைத் தொட்டால் சுட்டது. "இன்னிக்கு ஒருநாள் படுங்க அண்ணாச்சி" என்றேன். "மாவு அரைச்சாச்சே தம்பி, விட்டா புளிச்சுப் போயிரும். ரெண்டு நாளு நான் போய் நிக்கலேன்னா அந்த எடத்துல வேற ஆளு வந்து நின்னுருவான்" என்றார். சட்னித் தூக்கைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு கிளம்பியும் விட்டார்.

அவர் படுத்திருந்தால் என்ன நஷ்டம் என்று பாருங்கள். மாவுக்குப் போட்ட முதல், அன்றைய வரும்படி, நிற்கும் இடம், மூன்றும் அவர் தலையில். கிளம்பிப் போனால் வரும் நஷ்டமோ அறையில் தூங்கும் பையன்களுக்கும், மாட்டுங்காவில் அலுவலகம் போகிற அவசரத்தில் அவர் முன்னால் நின்று சாப்பிடுபவர்களுக்கும், அவர்கள் வீட்டு வயதானவர்களுக்கும், கடைசியில் சயான் ஆஸ்பத்திரிக்கும் போய்ச் சேருகிறது. அண்ணாச்சியின் சொந்தக் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஊர்க்கணக்குதான் உதைக்கிறது. சந்தை இந்த மாதிரி இடத்தில் தவறும், அங்கே அரசு காசு போட்டுச் சரிசெய்ய வேண்டும் என்பது பொருளாதாரத்தில் ஆரம்பப் பாடம். தடுப்பூசிக்கு இதை ஒப்புக்கொள்கிறோம். கூலிக்கு ஏன் ஒப்புக்கொள்வதில்லை?

தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. இருக்கிறதே என்பார்கள். 1948-ஆம் வருடச் சட்டத்தில் பிறந்தது, நல்ல ஏற்பாடு. நோயில் விழுந்தால் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். காசநோய் போன்ற நீண்ட நோய்களுக்கு 80 சதவீதம் கிடைக்கும். ஆனால் 10 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்குப் பொதுவாக இது கிடையாது. தாராவியில் எத்தனை பட்டறையில் 10 பேர் இருக்கிறார்கள்? இருந்தாலும் பதிவேட்டில் ஒன்பதோடு நிறுத்திக்கொள்ளும் முதலாளிகள் உண்டு. இட்லி வியாபாரி யாருக்கும் தொழிலாளியே இல்லை, அவருக்கு அந்தக் கதவே கிடையாது. இன்னொரு விஷயமும் இருக்கிறது. அந்த 1948 சட்டம் நோயின் முதல் 2 நாளைக் காத்திருப்புக் காலம் என்று கழித்துவிட்டது. சும்மா தலைவலி என்று வருகிறவர்களைத் தடுக்க வைத்த விதி. சளிக்காய்ச்சல் அதிகமாகப் பரவுவது அந்த ஆரம்ப நாட்களில்தான். எந்த நாளில் ஆள் வீட்டில் இருப்பது ஊருக்கு லாபமோ, அந்த நாளுக்குப் பார்த்துக் காசு கிடையாது.

2020-ல் தாராவியில் நடந்ததை இந்தக் கண்ணோடு திரும்பிப் பாருங்கள். ஏப்ரல் 1-ஆம் தேதி முதல் தொற்று. சுமார் இரண்டேகால் சதுர கிலோமீட்டரில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். பத்தில் எட்டுப் பேருக்குப் பொதுக் கழிப்பறைதான். எல்லோரும் பிணக்காடு ஆகும் என்று பயந்தோம். மாநகராட்சியும் இங்கேயே தொழில் செய்யும் தனியார் டாக்டர்களும் வீடு வீடாகப் போனார்கள், காய்ச்சல் முகாம் போட்டார்கள். பள்ளிக்கூடங்களும் ராஜீவ் காந்தி விளையாட்டு அரங்கமும் தனிமை மையங்கள் ஆயின. ஏப்ரலில் நாளுக்கு 12 சதவீதமாக இருந்த தொற்று வளர்ச்சி ஜூனில் 1.02 சதவீதத்துக்கு இறங்கியது. ஜூலை 10 அன்று உலக சுகாதார நிறுவனத் தலைவர் டெட்ரோஸ் தாராவியைப் பெயர் சொல்லிப் பாராட்டினார்.

அந்த மையங்களுக்கு ஜனங்கள் ஏன் போனார்கள்? நான் பார்த்தவரை சோறு ஒரு முக்கியமான காரணம். உள்ளே இருப்பவருக்கு மூன்று வேளையும் சாப்பாடு, வெளியே வீட்டாருக்கு மளிகைப் பை. வேலையும் எப்படியும் இல்லை என்பதால் போவதில் நஷ்டம் இல்லாமல் போனது. தொற்று குறைந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. நிறைய பேர் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். அந்த ஜூலையில் மூன்று வார்டுகளில் எடுத்த ரத்தப் பரிசோதனை ஆய்வில் சேரிப் பகுதிகளில் 57 சதவீதம் பேருக்கும், மற்ற வீடுகளில் 16 சதவீதம் பேருக்கும் எதிர்ப்புப் பொருள், அதாவது தொற்று ஏற்கெனவே வந்துபோனதன் அடையாளம், இருந்தது. தாராவி அந்த வார்டுகளில் இல்லை, ஆனாலும் நெரிசலான இடங்களில் நோய் கண்ணுக்குத் தெரியாமல் எவ்வளவு தூரம் போயிருந்தது என்பதற்கு அது சாட்சி.

ஊரடங்கு என்பது என்ன? நாடு முழுவதற்கும் ஒரே நேரத்தில் கொடுத்த சம்பளமில்லா விடுப்பு. காய்ச்சல் உள்ளவர், இல்லாதவர் எல்லோரையும் உட்கார வைத்தோம். அந்த ஏப்ரல்-ஜூன் காலாண்டில் நாட்டின் உற்பத்தி 23.9 சதவீதம் சரிந்ததாக முதல் மதிப்பீடு வந்தது. நோயாளிக்கு மட்டும் கூலி கொடுத்து உட்கார வைக்கும் ஏற்பாடு முன்னமே இருந்திருந்தால், அத்தனை பேரையும் அத்தனை நாள் உட்கார வைக்க வேண்டி வந்திருக்காது என்று நம்புகிறேன். அமெரிக்காவில் 2020 மார்ச்சில் கோவிட்டுக்காக இரண்டு வாரம் வரை சம்பளத்தோடு விடுப்பு என்று அவசரச் சட்டம் போட்டார்கள். புதிதாக அந்த விடுப்பு கிடைத்த மாநிலங்களில், மாநிலத்துக்கு நாளொன்றுக்குச் சுமார் 400 தொற்று குறைந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

பரிசோதனை விலையையும் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் கோவிட்டைக் கண்டறியும் ஆர்.டி.பி.சி.ஆர். சோதனைக்கு உச்சவரம்பு 4,500 ரூபாய். மகாராஷ்டிர அரசு படிப்படியாகக் குறைத்து ஒரு வருடத்தில் 500-க்குக் கொண்டுவந்தது. பெரிய சாதனைதான். ஆனால் 500 ரூபாய் கொடுத்துச் சோதித்து, 'ஆம்' என்று வந்தால் 14 நாள் கூலி போகும் என்றால், எந்தக் கட்டிடத் தொழிலாளி மூக்கைக் காட்டுவார்?

அப்புறம், ஏற்பாடு எதுவானாலும் தினசரி புழக்கத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேண்டிய நேரத்தில் கைகொடுக்காது. மாவட்ட ஆஸ்பத்திரிகளுக்கு 162 ஆக்சிஜன் ஆலைகள் என்று 201 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கினார்கள். இரண்டாம் அலை கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த 2021 ஏப்ரல் நடுவில் அமைந்திருந்தவை 33. பணம் இருந்தும் மூச்சுக்கு உதவவில்லை. இதற்கு நேர்மாறாக, காசநோய்க்காக ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ட்ரூநாட் என்ற சோதனைக் கருவிகள் 2020-லேயே கோவிட் சோதனைக்குத் திரும்பின. கருவி இருந்தது, அதை ஓட்டத் தெரிந்த ஆளும் இருந்தார்.

அதனால்தான் கூலி ஏற்பாடும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஓட வேண்டும் என்கிறேன். மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை எப்படியும் சளிக்காய்ச்சல் ஏறும். வார்டில் காய்ச்சல் எண்ணிக்கை ஒரு அளவைத் தாண்டினால் திட்டம் திறக்கட்டும். மாநகராட்சியின் சின்ன மருத்துவமனைகளான ஆப்லா தவாகானாக்கள் சாயங்காலமும் திறந்திருக்கின்றன, வேலை முடிந்து வருபவர் அங்கே காட்டிக்கொள்ளலாம். டாக்டர் சீட்டு எழுதியதும் நாளுக்கு 500 ரூபாய் வீதம் 5 நாளைக்குப் பணம் கணக்கில் விழ வேண்டும். அனுப்ப முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. 2020-ல் பெண்களின் ஜன்தன் கணக்குகளில் மாதம் 500 ரூபாய் மூன்று மாதம் போட்டவர்கள்தானே.

ஒரு லட்சம் பேருக்கு இப்படிக் கொடுத்தால் 25 கோடி ரூபாய். மும்பை மாநகராட்சியின் 2025-26 பட்ஜெட் 74,427 கோடி. ஏறத்தாழ மூவாயிரத்தில் ஒரு பங்கு.

பொய்க் காய்ச்சல் சொல்லி வாங்குவார்கள் என்ற பேச்சு வரும். சிலர் வாங்குவார்கள்தான். பத்தில் இரண்டு பேர் ஏமாற்றினாலும் 5 கோடி போகும். மீதி எட்டுப் பேர் ஐந்து நாள் ரயிலில் ஏறாமல் இருந்ததற்கு அது அதிகமான விலை என்று எனக்குத் தோன்றவில்லை. முதலாளிகளே கொடுக்கட்டும் என்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். ஆறு பேர் வைத்துப் பட்டறை நடத்துபவரின் கணக்குப் புத்தகத்தை நான் மாதாமாதம் பார்க்கிறேன். மூன்று பேருக்குச் சேர்ந்தாற்போல் காய்ச்சல் வந்தால் அவருக்கு ஆர்டரே கைவிட்டுப் போகும். அவர் தலையில் கட்டினால், காய்ச்சலை மறைக்கச் சொல்லும் முதல் ஆள் அவராகத்தான் இருப்பார்.

மாநகராட்சி பட்ஜெட் வழக்கமாகப் பிப்ரவரி தொடக்கத்தில் வரும். அதற்கு முன்னால், தாராவி அடங்கிய ஜி-வடக்கு வார்டு அலுவலகத்தில் எழுத்துமூலமாக ஒரு கோரிக்கை கொடுக்க நாங்கள் சிலர் சேர்ந்திருக்கிறோம். 90 அடி ரோடு, சயான், மாட்டுங்கா பக்கம் பட்டறை, கடை, தள்ளுவண்டி வைத்திருப்பவர்கள் உங்களிடம் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், நாள் கூலி எவ்வளவு, போன மழைக்காலத்தில் காய்ச்சலோடு எத்தனை பேர் வேலைக்கு வந்தார்கள் என்று கீழே எழுதுங்கள். பெயர் வேண்டாம். மனுவோடு இணைக்க அந்த விவரம்தான் எங்களுக்கு வேண்டும்.