ஒரு ஸ்விட்ச் மாற்றினால் போதுமாம்

சனிக்கிழமை கூட்டத்தில் அந்த அண்ணன் பேசியதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். வீடியோவை குரூப்பில் போட்டு, அதற்குக் கீழே கைதட்டல் குவிவதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. "32 பிட்டிலிருந்து 64-க்குப் போவது என்ன பெரிய வேலை? கம்பைலரில் ஒரு ஸ்விட்ச். இதுக்கு ஒரு டீம், சம்பளம்!" சபையே சிரித்தது. அப்படிச் சம்பளம் வாங்குகிற ஒருவன் மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருந்தான்.

கம்பைலரில், அதாவது எழுதிய கோடை மெஷின் மொழியாக்குகிற புரோகிராமில், ஸ்விட்ச் இல்லை என்று நான் சொல்லவில்லை. 32, 64 என்பது சிப் ஒரே அடியில் கையாளும் எண்ணின் அகலம். அது மேலே ஓடுகிற புரோகிராமுக்கு. மெஷினை எழுப்புகிற கோடுக்கு அது போதாது. எங்கள் போர்டில் இருக்கிற சிப் இன்றைக்கும், 1978-இல் வந்த 8086 போலவே, 16 பிட்டில்தான் கண் விழிக்கிறது. அங்கிருந்து 32, அப்புறம் 64. சிப்புக்குள் ரெஜிஸ்டர் என்று சின்னப் பெட்டிகள் உண்டு: சிஆர்4-இல் ஒரு பிட், சிஆர்3-இல் பேஜ் டேபிளின் (மெமரியில் எது எங்கே என்ற அட்டவணை) முகவரி, ஈஃபர் ரெஜிஸ்டரில் ஒரு பிட் எல்லாம் தயாரான பிறகுதான், அந்த அட்டவணைப்படி மெமரியைப் பார்க்கிற பேஜிங்கைத் திறக்கலாம். ஓடிக்கொண்டிருக்கிற கோடு இருக்கும் மெமரிப் பக்கத்தையே அந்த டேபிளில் சேர்க்கவில்லை என்றால் அடுத்த கட்டளையைப் படிக்கவே முடியாது. பிழையைப் பிடிக்கிற கோடு இன்னும் தயாராகவில்லை. எரர் மெசேஜ் கிடையாது, லாக் கிடையாது. நேராக ரீசெட். ஒரு ஸ்விட்ச்தானே!

சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் கடைசி ரயிலை விட்டுவிட்டு இதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். லோகோ வரும், திரை கறுக்கும், மறுபடி லோகோ. சீரியல் போர்ட்டில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எழுத்தை அனுப்பச் செய்தேன். ஏ, பி வந்தது. சி வரவே இல்லை, திரும்பவும் ஏ. 2 ஜிபி போர்டில் ஒழுங்காக ஓடும், 8 ஜிபி போர்டில் சாகும். வேலையை விட்டுப் போய்விட்ட யாரோ ஒரு புண்ணியவான் மெமரி முகவரியை இன்ட் என்ற எண் வகையில் போட்டு வைத்திருக்கிறார். 64 பிட்டிலும் இன்ட் நான்கு பைட்தான், 4 ஜிபிக்கு மேலே உள்ள முகவரி அதில் அடங்காது. பேஜ் டேபிளுக்கு இடம் 4 ஜிபிக்கு மேலே கிடைத்தால் முகவரியின் மேல்பாதி போச்சு. கம்பைலர் ஒரு வார்னிங் கொடுத்திருந்தது, நூற்றுக்கணக்கான வார்னிங்குகளுக்கு நடுவில்.

"யூஇஎஃப்ஐ இருக்கிறதே, அதுவே 64 பிட்டில் கொண்டுவந்து விட்டுவிடுமே" என்று ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி. யூஇஎஃப்ஐ, பயாஸ் இரண்டும் மெஷினை முதலில் எழுப்புகிற, போர்டிலேயே இருக்கிற கோடு. எங்கள் போர்டுகளில் பழைய பயாஸ். சரி, யூஇஎஃப்ஐ என்றே வையுங்கள், அதற்கு அப்புறம்? கீபோர்டு, டைமர் குறுக்கிட்டால் எந்தக் கோடுக்குப் போவது என்று சொல்கிற இன்டரப்ட் டேபிளில் ஒவ்வொரு பதிவும் 8 பைட்டிலிருந்து 16 ஆகிறது. எல்லா ரெஜிஸ்டரையும் ஒரே அடியில் ஸ்டேக் என்ற தற்காலிக மெமரியில் தள்ளுகிற புஷா கட்டளை 64 பிட்டில் கிடையாது, ஒவ்வொன்றாகக் கையால் எழுத வேண்டும். ஸ்டேக்குக்குக் கீழே 128 பைட்டைக் கம்பைலர் தன் இஷ்டத்துக்கு எடுத்துக்கொள்ளும், இன்டரப்ட் வந்து அதன் மேலேயே எழுதிவிட்டுப் போகும். அதை நிறுத்தவும் ஒரு ஸ்விட்ச் உண்டு அண்ணே! ஆனால் அதைப் போட வேண்டும் என்று யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும். லினக்ஸிலேயே 32-க்கும் 64-க்கும் தனித்தனி டைரக்டரி வைத்திருந்து, 2008 ஜனவரியில் வந்த 2.6.24-இல்தான் ஒன்றாக்கினார்கள். அவர்களுக்கும் ஸ்விட்ச் கண்ணில் படவில்லை போல.

"இதெல்லாம் ஏஐ எழுதித் தரும்" என்பவர்களுக்குப் பதில் சொல்லப் பொறுமையில்லை. எழுதட்டும். ராத்திரி போர்டு முன்னால் அதுவே வந்து உட்காரட்டும்.

அண்ணன் ஒருவர் மட்டும் என்றால் விட்டிருப்பேன். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த மாமா, மச்சான் செய்த ஆப்பைப் போனில் எல்லாருக்கும் காட்டிவிட்டு, "நீயும் கம்ப்யூட்டர்தானே தம்பி, ஒண்ணும் காட்ட மாட்டேங்கிறியே" என்றார். எதைக் காட்டுவது? லோகோ ஒரே ஒரு தடவை மட்டும் வருவதையா? அலுவலகத்திலும் இதே கதைதான். ரிவ்யூவில் "பயனர் கண்ணில் படும் பங்களிப்பு" என்று ஒரு கட்டம். வருஷா வருஷம் காலியாகவே கொடுக்கிறேன். நம் கூட்டங்களில் ஸ்லைடு போடுகிறவருக்குப் பொன்னாடை, போர்டை ஓட வைக்கிறவனுக்கு பேப்பர் கப்பில் டீ.

இனி இன்பாக்ஸில் வருவார்கள். "வயதில் பெரியவர், சும்மா ஜோக்குக்குச் சொன்னது, பதிவை எடுத்துடுங்க லா." அன்று நான் கையைத் தூக்கினேன். கேள்வி நேரத்தை டீ நேரமாக்கிவிட்டார்கள், அதனால்தான் இங்கே எழுதுகிறேன். எடுக்கப் போவதில்லை.