தேயிலைக்கு 44 சதவீத அமெரிக்க வரியா? தோட்டங்களில் பரவும் குரல் பதிவு தவறு

"ட்ரம்ப் போட்ட 44 சதவீத வரியை இலங்கைதான் கட்டுகிறது, அதனால் நாட்சம்பளம் குறையும்." ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களில் வாட்ஸ்அப்பில் சுற்றும் குரல் பதிவு இது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒரு அக்கா, கூடையைக்கூட இறக்காமல், "உண்மையா தம்பி?" என்று கேட்டார். அவர் முகத்தில் இருந்த பயத்துக்குத்தான் இந்தப் பதில்.

44 சதவீதம் என்பது இலங்கைப் பொருட்களுக்கு அமெரிக்கா விதிக்கப்போவதாக 2025 ஏப்ரல் 2 அன்று அறிவிக்கப்பட்ட எண். ஜூலையில் அது 30 ஆனது, ஆகஸ்ட்டில் 20 ஆனது. நவம்பரில் தேயிலைக்கு அந்த வரியிலிருந்தே விலக்கு அளிக்கப்பட்டது. மேலும், இறக்குமதி வரியைச் சுங்கத்தில் செலுத்துபவர் அமெரிக்காவில் பொருளை இறக்கும் வியாபாரி. இலங்கை அரசு அல்ல. வரியால் விற்பனை குறையலாம் என்பது வேறு விடயம். அந்தக் கவலை ஆடைத் தொழிலுக்குத்தான் அதிகம் பொருந்தும். கட்டுநாயக்கவில் தையல் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளை நினைத்தால் எனக்கும் அந்தக் கவலை உண்டு. நம் தேயிலையை அதிகம் வாங்குவது ஈராக், ரஷ்யா, துருக்கி, ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகள்.

"பழமைவாதிகள் எல்லோரும் இந்த வரியை ஆதரிப்பவர்கள்" என்றும் அதே பதிவு சொல்கிறது. அதுவும் தவறு. ட்ரம்பின் பழமைவாதக் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி ரொனால்ட் ரீகன், 1987 ஏப்ரல் 25 வானொலி உரையில், உயர்ந்த வரிகள் வர்த்தகப் போரைக் கிளப்பி வேலைகளைப் பறிக்கும் என்று எச்சரித்தார். அந்தக் கட்சிக்குள் இந்தச் சண்டை இன்றும் ஓயவில்லை.

அந்த அக்காவின் கைபேசியில் பதிவை நானே அழித்தேன்.