பாசூன் கிடைக்கவில்லை

(அமெச்சூர் கலைஞர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சிம்பொனி இசைக்குழுவின் ஆண்டு மலருக்குச் செல்வம் வரலாறு எழுதிக்கொண்டிருக்கிறான். குழுவில் அவன் சிம்பல் என்கிற பெரிய ஜாலராவைத் தட்டுபவன். கணக்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அக்கா வசந்தா பிழை திருத்த உட்கார்ந்திருக்கிறாள். கையில் சிவப்புப் பேனா. நடுவில் பழைய கூட்டக் குறிப்பேடு.)

செல்வம்: முதல் வரி வாசிக்கிறேன், கேள் அக்கா. "கலைத்தாகம் கொண்ட சான்றோர் சிலரின் கனவில் உதித்தது நம் இசைக்குழு."

வசந்தா: குறிப்பேட்டில் அப்படி இல்லையே. "முதல் கூட்டம். வந்தவர்கள் பதினொரு பேர். அதில் ஏழு பேர் புல்லாங்குழல். மண்டபச் சாவி கிடைக்காததால் படிக்கட்டில் உட்கார்ந்து பேசினோம்." சான்றோர் எந்தப் படியில் உட்கார்ந்திருந்தார்கள்?

செல்வம்: அதையெல்லாம் வரலாற்றில் எழுதுவார்களா?

வசந்தா: பின்னே? சரி, ஏழு புல்லாங்குழல் இருந்தால் என்னடா குறை? நன்றாகத்தானே இருக்கும்.

செல்வம்: பெரும்பாலான சிம்பொனிக்கு இரண்டே புல்லாங்குழல்தான் வேண்டும். வயலின் என்றால் ஒரே பகுதியைப் பத்துப் பேர் சேர்ந்து வாசிக்கலாம். ஒருவர் தப்பு விட்டாலும் கூட்டத்தில் கரைந்துவிடும். ஊதுகிற வாத்தியம் அப்படியில்லை, ஆளுக்கு ஒரு தனிப் பகுதி. தப்பு விட்டால் கடைசி வரிசைக்கும் கேட்கும்.

வசந்தா: அதனால்தான் நீங்கள் எல்லோரும் வயலின் பின்வரிசைக்கு அடித்துக்கொள்கிறீர்களா? சரி, மற்ற ஐந்து பேர்?

செல்வம்: இரண்டு பேர் வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலாவுக்கு மாறினார்கள். ஒருவர் டிம்பனி என்கிற பெரிய முரசுக்குப் போனார். மற்ற இருவர் கோபித்துக்கொண்டு போனார்கள்.

வசந்தா: இதோ, அடுத்த வருஷம். "பாசூன் கிடைக்கவில்லை." அதற்கடுத்த வருஷம், "பாசூன் இன்னும் கிடைக்கவில்லை." அப்புறம், "பாசூன் கிடைத்தது. வாசிக்க ஆள் கிடைக்கவில்லை." டேய், இது இசைக்குழு வரலாறா, காணாமல் போனவர் பற்றிய அறிவிப்பா?

செல்வம்: பாசூன் என்பது தாழ்ந்த குரலில் ஒலிக்கும் நீளமான ஊதுகுழல். அது இல்லாவிட்டால், பெரிய வயலின் மாதிரியான செல்லோவை வாசிப்பவர் சமாளிப்பார். அவருடைய இசைத் தாளிலேயே மற்ற வாத்தியங்களின் முக்கியமான இடம் சில சமயம் சின்ன எழுத்தில் அச்சாகியிருக்கும். அக்கா, சில பெரிய குழுக்களும் இப்படித்தான் ஆரம்பித்தன. ஜெர்மனியில் லைப்சிக் நகரத்தில் கெவாண்ட்ஹவுஸ் இசைக்குழு 1743-ல் தொடங்கியது.

வசந்தா: எந்த ராஜா வைத்தது?

செல்வம்: ராஜாவே இல்லை. அதுதான் விசேஷம். ஊர் வியாபாரிகள் பணம் போட்டார்கள், பதினாறு பேர் வாசித்தார்கள். முதலில் வீடுகளில் கச்சேரி. அடுத்த வருஷம் 'மூன்று அன்னங்கள்' என்கிற விடுதிக்குப் போனார்கள். 1781-ல் துணி வியாபாரிகளின் மண்டபத்தில் இடம் கிடைத்தது. கெவாண்ட்ஹவுஸ் என்றாலே துணி மண்டபம் என்றுதான் அர்த்தம்.

வசந்தா: இடத்தின் பெயரே குழுவுக்கு ஒட்டிக்கொண்டதா? அந்தக் கணக்கில் உங்களுக்குப் 'படிக்கட்டு இசைக்குழு' என்று பெயர் வைக்கலாம்.

செல்வம்: அங்கே பழைய ரோமானிய அறிஞர் செனகாவின் லத்தீன் வாசகம் ஒன்றை எழுதி வைத்திருந்தார்கள். "உண்மையான மகிழ்ச்சி விளையாட்டுக் காரியம் அல்ல" என்கிற மாதிரி.

வசந்தா: உங்கள் மண்டபத்திலும் ஒரு வாசகம் பார்த்தேனே. "நாற்காலிகளை அடுக்கி வைத்துவிட்டுப் போகவும்."

செல்வம்: கிண்டல் பண்ணாதே. காங்கோவில் கின்ஷாசா நகரத்தில் ஒரு சிம்பொனி குழு இருக்கிறது. விமானியாக இருந்த அர்மான் டியாங்கியெண்டா என்பவர் 1994-ல் தொடங்கினார். ஆரம்பத்தில் ஆளுக்கொரு வயலின் கிடையாது. ஒருவர் கொஞ்ச நேரம் வாசித்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுப்பார். தந்தி அறுந்தால் சைக்கிள் பிரேக் கம்பியைக் கட்டி வாசித்தார்கள்.

வசந்தா: (பேனாவைக் கீழே வைத்து) இதைக் கேட்டால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. அங்கே தந்தி இல்லாதபோதும் வாசித்தார்கள். இங்கே, போன வருஷக் குறிப்பைப் பார். "மழை வரும் போலிருந்ததால் ஒத்திகை ரத்து."

செல்வம்: போலிருந்தது இல்லை, தூறியது. சரி, இதைக் கேள். இங்கிலாந்தில் போர்ட்ஸ்மவுத் சின்ஃபோனியா என்று ஒரு குழு இருந்தது. 1970-ல் ஓர் ஓவியக் கல்லூரியில் ஆரம்பித்தது. வாசிக்கவே தெரியாதவர்களும் சேர முடிந்தது. தெரிந்தவர்கள் வந்தால் தங்களுக்குப் பழக்கமில்லாத வாத்தியத்தை எடுக்க வேண்டியிருந்தது. 1974-ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலிலேயே கச்சேரி பண்ணிவிட்டார்கள்.

வசந்தா: அப்படியா! உங்களுக்கு ஏற்ற இடம்.

செல்வம்: ஆனால் கண்டிப்பான விதி இருந்தது. ஒத்திகைக்குத் தவறாமல் வர வேண்டும். கேலிக்காகத் தப்பாக வாசிக்கக் கூடாது, சரியாக வாசிக்க மனதார முயல வேண்டும்.

வசந்தா: ஒத்திகைக்கு வரவேண்டுமா? அப்படியானால் உங்களில் பாதிப்பேரை அங்கேயும் சேர்த்திருக்க மாட்டார்கள். (பக்கம் புரட்டுகிறாள்) அட, இங்கே உன் பெயர் இருக்கிறது. "இசையமைப்பாளர் ட்வோர்ஷாக்கின் ஒன்பதாவது சிம்பொனி சிறப்பாக நடந்தது. சிம்பல் வரவில்லை." நீ அன்றைக்கு ஊரில்தானே இருந்தாய்?

செல்வம்: மேடையில்தான் இருந்தேன்.

வசந்தா: அப்புறம் ஏன் வரவில்லை?

செல்வம்: அக்கா, அந்தச் சிம்பொனி முக்கால் மணி நேரம். அதில் சிம்பலுக்கு ஒரே ஒரு அடி. கடைசிப் பகுதியில். அதுவும் ஓங்கி அடிக்கிற அடி இல்லை, மெதுவாக.

வசந்தா: ஒரே ஒரு அடியா? அதற்கா வீட்டில் மூன்று வாரம் "யாரும் பேசாதீர்கள், எண்ணிக்கொண்டிருக்கிறேன்" என்று எங்களை வாட்டினாய்?

செல்வம்: அந்த அடி வரும்வரை தாளத்தை எண்ணுவதுதான் வேலையே. இங்கே பார், இசைத் தாள்களை வாடகைக்குத்தான் வாங்குகிறோம். திருப்பிக் கொடுக்குமுன் பென்சில் குறிகளை அழித்துவிட வேண்டும். யாரும் முழுசாக அழிப்பதில்லை. ஆபத்தான இடத்தில் மூக்குக்கண்ணாடி படம் போட்டிருப்பார்கள். குழுவைக் கையசைத்து நடத்தும் கண்டக்டரைப் பார் என்று அர்த்தம். என் தாளில் அந்த ஓர் அடிக்கு மேலே மூன்று கண்ணாடி, வேறு வேறு கை.

வசந்தா: மூன்று பேர் எச்சரித்துமா?

செல்வம்: தாளின் கீழே முன்பு வாசித்தவர்கள் தேதி போட்டிருந்தார்கள். எந்த ஊர், எந்த வருஷம் என்று. ஒருவர் "குளிர்" என்று எழுதியிருந்தார். இன்னொருவர் "முந்திவிட்டேன்" என்று. எத்தனை பேர் இந்த ஒரு அடிக்காக உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள் என்று படித்துக்கொண்டே இருந்தேன்.

வசந்தா: அதற்குள்?

செல்வம்: எல்லோரும் கை தட்டினார்கள்.

வசந்தா: (சிரிப்பை அடக்கிக்கொண்டு) உன் குறியை அழித்துவிட்டுத்தானே கொடுத்தாய்?

செல்வம்: இல்லை. நாலாவது கண்ணாடி போட்டேன். கீழே எழுதினேன், "இதையெல்லாம் படிக்காதே, எண்ணு."

வசந்தா: ம். (சான்றோர் வரியை அடிக்கிறாள். பக்கம் புரட்டுகிறாள்.) இதோ, நல்ல செய்தி. "பாசூன் வாசிக்க ஆள் வந்துவிட்டார்."

செல்வம்: பார்த்தாயா!

வசந்தா: "மண்டபச் சாவி கிடைக்கவில்லை."