600 ரூபாய் கட்டிலும் என் பிறந்த வருஷமும்

கேரளத்து வர்க்கலையில், பயணிகள் ஆளுக்கொரு கட்டிலுக்குக் காசு கொடுத்துத் தங்கும் ஒரு ஹாஸ்டலில், வயதாகிவிட்டது என்று எனக்குக் கட்டில் தர மறுத்த விஷயத்தை இதோடு விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். அதைப் பற்றிச் செவ்வாய்க்கிழமை போட்ட பதிவை இரண்டு தடவை அழிக்கப் போய், அழிக்காமல் விட்டேன். நேற்று ராத்திரி ஒரு தம்பி, என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் புவியியல் படித்தவன், "டீச்சர், ஹாஸ்டல்காரன் பண்ணினதுல என்ன தப்பு? அது யூத்துக்கான இடம். நீங்க நல்ல லாட்ஜா பாத்து ரூம் போட்டிருக்கலாமே" என்று எழுதி, பக்கத்தில் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மையையும் வைத்திருந்தான். அதற்கு 64 லைக். என் பதிவுக்கே அவ்வளவு வரவில்லை.

அதனால் சொல்கிறேன். பொறுமையாகத்தான் சொல்கிறேன். எனக்கு வேண்டியிருந்தது ஒரு கட்டில். அவ்வளவுதான்.

நடந்தது உங்களுக்குத் தெரியும், மறுபடி முழுசாகச் சொல்லப் போவதில்லை. அந்தப் பதிவில் எழுதாமல் விட்ட ஒன்று இருக்கிறது. காலையில் ரயிலை விட்டு இறங்கி நேரே அங்கே போனேன். ஒரு மணிக்குத்தான் செக்-இன் என்றார்கள். சரி என்று சோபாவில் உட்கார்ந்தேன். அங்கேயே 180 ரூபாய்க்கு இரண்டு ரொட்டியும் ஒரு முட்டையும் சாப்பிட்டேன். நாலு மணி நேரம் யாருக்கும் என் வயது உறுத்தவில்லை. ஒரு மணிக்கு ரிசப்ஷன் பையன் ஆதாரை வாங்கினான். 1972 என்று இருந்தது. போனை எடுத்துக் கால்குலேட்டரைத் திறந்தான். அவனுக்கு எதற்குச் சிரமம் என்று "53 தம்பி" என்று நானே சொல்லிவிட்டேன். அப்படியும் அவன் கழித்துப் பார்த்து, திரையைப் பார்த்து, என்னைப் பார்த்து, "சாரி ஆன்ட்டி, டார்ம் பதினெட்டுலேர்ந்து நாப்பத்தஞ்சு வரைக்கும்தான். பாலிசி" என்றான். பக்கத்தில் ஈரத்தலையோடு சாவிக்காக நின்ற இரண்டு பெண்கள் சட்டென்று போனுக்குள் குனிந்துகொண்டார்கள். அந்தக் குனிவைத்தான் நான் எழுதவில்லை.

ஆறு கட்டில் போட்ட பெண்கள் அறை. ஒரு ராத்திரிக்கு 600, இரண்டு ராத்திரிக்கு 1,200 முன்பணமாகவே கட்டியிருந்தேன். "வேணும்னா தனி ரூம் இருக்கு, 2,600" என்றான். தனி ரூமில் மட்டும் என் வயது குறைந்துவிடுமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

"அவர்கள் இணையப் பக்கத்திலேயே போட்டிருக்கிறார்களே" என்று ஒருவர் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போட்டிருந்தார். பார்த்தேன். விதிமுறைகளில் பதினான்காவது வரி, செல்லப்பிராணிக்கும் ஹூக்காவுக்கும் நடுவில். இருக்கிறது. சரி, ஒத்துக்கொள்கிறேன். பணம் வாங்கும்போது வயதைக் கேட்கவில்லையே என்றால் அதற்குப் பதில் இல்லை.

இந்த லாட்ஜ் யோசனையைச் சொன்ன எல்லோருக்கும் மொத்தமாக ஒரு கேள்வி. நீங்கள் எப்போதாவது ஒரு பெண்ணாக, தனியாக, ஒரு சாதாரண லாட்ஜின் கவுன்ட்டரில் நின்றிருக்கிறீர்களா? நான் நின்றிருக்கிறேன். விடைத்தாள் திருத்தும் வேலைக்காக வெளியூர் போய், கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு நாள். "கூட யாரு வந்திருக்கா?" என்றார். யாரும் இல்லை என்றேன். "தனியா வர்ற லேடீஸுக்கு ரூம் குடுக்கறதில்லம்மா, பின்னாடி பிரச்சினை ஆயிடும்." என்ன பிரச்சினை என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் பூக்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்து விடியவைத்தேன். லாட்ஜில் தனியாக வந்ததால் இல்லை. ஹாஸ்டலில் வயதாகிவிட்டதால் இல்லை. அப்போது நான் எங்கேதான் படுப்பது? இதற்கு மட்டும் யாராவது பதில் சொல்லுங்கள், சிரிப்புப் பொம்மை இல்லாமல்.

"கூட வீட்டுக்காரரைக் கூட்டிப் போகலாமே." அவருக்குக் கடலைப் பார்த்தால் தலைவலி வரும். நல்ல மனிதர். கடல்தான் ஆகாது.

போன வருஷம் ஃபோர்ட் கொச்சியில் இதே மாதிரி ஒரு ஹாஸ்டலில் தங்கினேன். அப்போது வயது 52, யாரும் கால்குலேட்டர் எடுக்கவில்லை. கீழ்க் கட்டில் கிடைத்தது. கட்டிலுக்கு ஒரு திரை, தலைமாட்டில் உள்ளங்கை அளவு விளக்கு, சார்ஜ் போட ஒரு பிளக், காலடியில் பூட்டு போட ஒரு இரும்புப் பெட்டி. மேல் கட்டிலுக்கு ஏறும் கம்பி ஏணியில் யாருடைய ஈரத்துண்டோ தொங்கி என் காலில் சொட்டிக்கொண்டிருந்தது. திரையை இழுத்துவிட்டேன். ஒன்பது மணி நேரம் தூங்கினேன். என் கல்யாணத்துக்கு அப்புறம் ஒன்பது மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கியது பிரசவ ஆஸ்பத்திரியில்கூட இல்லை. காலையில் கண் விழித்தபோது யாரும் என்னிடம் காபி கேட்கவில்லை. அந்தத் திரைக்குள் எனக்குக் கிடைத்ததை 2,600 ரூபாய் தனி அறையில் தேடுங்கள் என்கிறீர்கள். என் பள்ளிக்கூடம் தனியார் பள்ளிக்கூடம். மாதம் 22,000. அதில் ஒரு ராத்திரிக்கு 2,600 என்றால் எவ்வளவு என்று அந்தப் பையனின் கால்குலேட்டரிலேயே போட்டுப் பாருங்கள்.

குறட்டை. ஆமாம், அதையும் எழுதியிருந்தார்கள். "ஆன்ட்டிங்க குறட்டை விடுவாங்க, நைட்டு யாரும் தூங்க முடியாது." கொச்சியில் அன்று குறட்டை விட்டது இருபத்து மூன்று வயதுப் பெண். டிவிஎஸ் 50 மேட்டில் ஏறுகிற மாதிரி. காலையில் அவளே கேட்டாள், "ரொம்ப சத்தமா விட்டேனா?" என்று. இல்லையே கண்ணு என்று பொய் சொன்னேன். கல்யாண மண்டபத்து மாடியில் ஜமுக்காளத்தை விரித்து, இவள் காலடியில் அவள் தலை என்று முப்பது பேர் வரிசையாகப் படுத்து வளர்ந்தவர்கள்தானே நாமெல்லாம்? பாட்டியும் இருந்தாள், கைக்குழந்தையும் இருந்தது. எந்த மண்டபத்தில் ஆதார் பார்த்தார்கள்?

"வைப்" என்கிறார்கள். இளைஞர்களின் வைப், அதாவது அந்த இடத்தின் கலகலப்பு, கெட்டுவிடுமாம். நான் என்ன அவர்கள் பாவாடையின் நீளத்தை அளக்கவா போனேன்? பதினொரு வருஷம் எங்கள் பள்ளி விடுதியில் வார்டனாக இருந்திருக்கிறேன். யாருடைய பெட்டியில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பதில் எனக்கு இருக்கும் பயிற்சி உங்களுக்கு வராது.

ஒரு பெண் மட்டும் நியாயமாகக் கேட்டிருந்தாள். இந்த வயதுக் கட்டுப்பாடே ஆண்களால் வந்தது, பொதுவான அறைகளில் ஐம்பது வயது மனிதர்கள் வந்து சின்னப் பெண்களிடம் வழிந்ததால் வந்தது என்று. இருக்கலாம். இருக்கும். அவள் நேரில் பட்டிருக்கிறாள் போல, எழுத்திலேயே தெரிந்தது. அவளோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் நான் போட்டது பெண்கள் அறை அம்மா. எவனோ வழிந்ததற்கு நான் ஏன் வெளியில் நிற்க வேண்டும்? வழிந்தவன் 2,600 கொடுத்துத் தனி ரூமில் படுத்திருப்பான்.

2024 பிப்ரவரியில் இலங்கை உனவட்டுனவில் வெள்ளையர்களுக்கு மட்டும் என்று ஒரு கொண்டாட்டம் அறிவித்து, எதிர்ப்பு கிளம்பிக் கைவிட்டார்களே, அதையும் இதையும் ஒருவர் ஒப்பிட்டிருந்தார். வேண்டாம் சார். அது நிறம், அது இலங்கைக்காரர்களின் சொந்த மண். என் விஷயம் அவ்வளவு பெரிதில்லை. ஒரே ஒரு உறுத்தல். நான் காத்திருந்த நாலு மணி நேரமும் எதிரில் நரைத்த தலையோடு ஒரு வெள்ளைக்காரம்மா புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். அறுபதுக்குக் குறையாது. அவர் தனி அறையில் இருந்திருக்கலாம். இருந்திருப்பார். அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

"ஹாஸ்டல் என்றாலே இளைஞர்களுக்கு" என்று சொல்கிறவர்களுக்கு. இந்தச் சமாச்சாரத்தைக் கண்டுபிடித்தது யார் தெரியுமா? ஒரு பள்ளிக்கூட வாத்தியார். ஜெர்மனியில் ரிச்சர்ட் ஷிர்மான். 1909-ல் பிள்ளைகளை நடைப்பயணம் கூட்டிப் போனபோது இடியும் மழையும் பிடித்துக்கொண்டது, ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வைக்கோலைப் பரப்பிப் படுத்தார்கள். பள்ளிகள் லீவு நாளில் சும்மாதானே கிடக்கின்றன, வழிப்போக்குப் பிள்ளைகளைப் படுக்கவிடலாமே என்று அன்றைக்கு அவருக்குத் தோன்றியது. 1912-ல் ஆல்டெனா கோட்டையில் முதல் நிரந்தர விடுதி வந்தது. அது இளைஞர் விடுதிதான், பெயரிலேயே இருக்கிறது, தெரியும், குதிக்காதீர்கள். ஆனால் அவருக்கு அந்த விடுதி தோன்றியதே மழையில் படுக்க இடமில்லாமல் நின்றதால். அங்கேயும் பிரச்சினை கட்டில்தான்.

இந்த வயதில் கடற்கரை எதற்கு என்று என் சொந்தத்திலேயே கேட்டார்கள். போவதற்கு முந்தின நாள் மைனி போனில், "வர்க்கலையில பாபநாசம்னு இருக்குல்லா? திதி குடுக்கவா போறே?" என்றாள். எங்கள் தாமிரபரணிப் பாபநாசம் போல வர்க்கலைக் கடற்கரைக்கும் அதே பெயர், கர்க்கடக அமாவாசைக்கு, அதாவது நம் ஆடி அமாவாசைக்கு, ஊரே திரண்டு முன்னோருக்குப் பிண்டம் போடும். அவள் கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாள். எள்ளும் தண்ணீரும் இறைக்க என்றால் என் வயதுக்குக் கடற்கரையில் தாராளமாக இடம் உண்டு. காலை நனைத்துக்கொண்டு சும்மா நிற்கத்தான் காரணம் கேட்கிறார்கள்.

காரணம் இருக்கிறது. 22 வருஷமாகச் சரளை மண் பாடம் நடத்துகிறேன். அதற்கு லேட்டரைட் என்ற பெயரையே புக்கானன் என்கிற வெள்ளைக்காரர் 1807-ல் கேரளத்து அங்காடிப்புரத்துக் கல்லைப் பார்த்துத்தான் வைத்தார் என்று ஒவ்வொரு வருஷமும் சொல்வேன். ஆனால் கரும்பலகையில் வண்ணச் சாக்பீஸில் வரைந்ததைத் தவிர, அடுக்கடுக்காக வெட்டி வைத்த மாதிரி அதை நேரில் பார்த்ததில்லை. வர்க்கலைக் குன்று தேசியப் புவியியல் நினைவுச் சின்னங்களில் ஒன்று. ஹாஸ்டலை விட்டு வெளியே வந்து, தோளில் பையோடு மணலில் இறங்கி அண்ணாந்து பார்த்தேன். மேலே துருப்பிடித்த சிவப்பு, கீழே மணற்கல், வெளிறிய களிமண், நடுவில் கரியைத் தீற்றியது போல ஒரு கோடு. ஒரு இடத்தில் ஊற்று கசிந்து பாசி பிடித்திருந்தது. குன்றின் விளிம்பில் கஃபேக்களும் துணிக்கடைகளும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. அந்தக் கல் சரிகிற கல். அதற்கு வயது வரம்பு எதுவும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை.

18 முதல் 45. அந்த 27 வருஷமும் நான் எங்கே இருந்தேன் என்று சொல்லட்டுமா? கல்லூரியில் கன்னியாகுமரிக்கு ஒரு ராத்திரி டூர். அப்பா, "கல்யாணத்துக்கு அப்புறம் மாப்பிள்ளையோட போ" என்றார். கல்யாணத்துக்கு அப்புறம், "பையன் கொஞ்சம் வளரட்டும்" என்றார்கள். நம் நாட்டில் இந்தமாதிரி ஹாஸ்டல்கள் பரவ ஆரம்பித்ததே 2013 வாக்கில். அப்போது எனக்கு 41. ஆக, பாலிசிப்படி எனக்கு இருந்தது நாலே வருஷம். அந்த நாலு வருஷத்தில் பையனுக்குப் பத்தாவதும் பிளஸ் டூவும் வந்தன. அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இருபது மாதம் படுக்கை. அத்தை போனபோது எனக்கு 45 முடிந்து மூன்று மாதம். அந்த ரிசப்ஷன் தம்பியிடம் இதையெல்லாம் சொல்லியிருக்க வேண்டுமா? சொன்னால் கால்குலேட்டரில் கழித்துக்கொள்வானா?

பொறுமையாகச் சொல்கிறேன் என்றேன். தெரிகிறது.

அந்தப் பையன் பேரில் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்குச் சம்பளம் 15,000 இருந்தால் அதிகம். பணத்தைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள், ஐந்தாம் நாள் 1,200-ம் வந்தது. 180 ரூபாய் ரொட்டி என் கணக்கு. சிவகிரி மடத்துக்குப் போகிற பாதையில் ஒரு வீட்டில் 900 ரூபாய்க்கு அறை கிடைத்தது, ஒரு ராத்திரி தங்கிவிட்டுத் திரும்பினேன். அந்த அம்மா மத்தி வறுத்துப் போட்டார். நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் ஒன்று. நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அந்தப் பெண்கள் அறையின் கதவு திறந்தது. உள்ளேயிருந்து ஒரு சேச்சி பழைய விரிப்புகளை மார்போடு அணைத்துக்கொண்டு, கையில் துடைப்பத்தோடு வந்தார். காதோரம் முழுக்க நரை. என் வயதுதான், ஒன்றிரண்டு கூட இருக்கும். ஆறு கட்டிலுக்கும் விரிப்பு மாற்றிவிட்டு வருகிறார். எனக்கு என்று போட்டிருந்த கட்டிலுக்கும் சேர்த்து. என்னைப் பார்த்து, "போவாணோ சேச்சி?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

அந்த அறைக்குள் தினமும் போய்வர அவருக்கு எந்த வைப் தடையும் இல்லை.

அரையாண்டு லீவில் கோகர்ணம் போகிறேன். பாளையங்கோட்டை மார்க்கெட்டில் இரும்புப் பெட்டிக்கு என்று 120 ரூபாய்க்கு வாங்கிய குட்டிப் பூட்டு இன்னும் அட்டையைப் பிரிக்காமல் இருக்கிறது. ஐம்பது தாண்டியவர்களுக்குக் கட்டில் தரும் ஹாஸ்டல் அங்கே எது என்று தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள், கீழ்க் கட்டிலாக இருந்தால் நல்லது, முழங்கால் வலி. லாட்ஜ் பெயர் சொல்கிறவர்கள் தயவுசெய்து இன்பாக்ஸுக்கும் வர வேண்டாம்.