நுரையீரல் மிதந்தால் கொலையா?

குப்பைத்தொட்டியில் பச்சிளம் குழந்தையின் சடலம் என்று செய்தி வந்தால் போதும், பிரேதப் பரிசோதனை முடிவதற்குள் 'கல்நெஞ்சத் தாய்' என்று தலைப்பு போட்டுவிடுகிறார்கள். கீழே கமெண்டில் தூக்கில் போடச் சொல்லி ஒரு கூட்டம். குழந்தை உயிரோடு பிறந்ததா என்று ஒருத்தர்கூடக் கேட்பதில்லை.

அதைக் கண்டுபிடிக்க இன்றும் செய்யப்படுவது மிதவைச் சோதனை. நுரையீரலைத் தண்ணீரில் போடுவார்கள். மிதந்தால் மூச்சு விட்டிருக்கிறது, மூழ்கினால் இறந்தே பிறந்தது என்று கணக்கு. 1681-ல் ஜெர்மனியில் ஷ்ரேயர் என்ற மருத்துவர் ஒரு வழக்குக்காகச் செய்த சோதனை இது. இதை நம்பிவிட முடியாது என்று லண்டனில் வில்லியம் ஹன்டர் என்ற மருத்துவர் 1783-லேயே சொல்லிவிட்டார். உடல் அழுகத் தொடங்கினால் அந்த வாயுவிலேயே நுரையீரல் மிதக்கும். அசைவில்லையே என்று பதறி யாராவது வாயோடு வாய் வைத்து ஊதியிருந்தாலும் மிதக்கும் (காப்பாற்றப் பார்த்ததே தாய்க்கு எதிரான சாட்சியாகிவிடும், என்ன கொடுமை!). குறைமாதக் குழந்தையென்றால் கொஞ்ச நேரம் உயிரோடு இருந்தும் மூழ்கலாம். அதனால்தான் கவனமான மருத்துவர்கள் கல்லீரல் துண்டு ஒன்றையும் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார்கள். அதுவும் மிதந்தால் அழுகல் வாயு, சோதனை செல்லாது.

அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் இந்திய வம்சாவளிப் பெண் ஒருவருக்கு 2015-ல் 20 வருடச் சிறை விதித்தார்களே, அந்த வழக்கிலும் அரசுத் தரப்பு இந்தச் சோதனையைக் காட்டியது. 2016-ல் மேல்முறையீட்டில் கருக்கொலைக் குற்றச்சாட்டு ரத்தாகி, மற்றொரு குற்றச்சாட்டும் குறைக்கப்பட்டு வெளியே வந்தார்.

பிறவிக் குறை இருந்தால் இன்னும் சிக்கல். எலும்பு நொறுங்கும் நோயில் கருப்பையிலேயே விலா எலும்புகள் முறிந்திருக்கலாம், பார்த்தால் யாரோ அடித்த மாதிரிதான் தெரியும். சில இதயக் குறைகளில் பிறந்த குழந்தை நன்றாகத்தான் பால் குடிக்கும், இதயத்தருகே திறந்திருந்த ஒரு ரத்தக்குழாய் ஓரிரு நாளில் இயல்பாக மூடியதும் திடீரென்று போய்விடும். உடலைத் திறக்கும் முன் முழு எக்ஸ்ரே எடுக்க வேண்டும், இதயத்தை நிதானமாக அறுத்துப் பார்க்க வேண்டும், நஞ்சுக்கொடியையும் தேடி எடுத்து அனுப்ப வேண்டும். தொற்றோ ரத்தக்கசிவோ இருந்தால் பாதிக் கதை அதில்தான் இருக்கும். அதுவோ பெரும்பாலும் எங்காவது புதைக்கப்பட்டிருக்கும்.

சரி, உசிலம்பட்டியில் கள்ளிப்பால் கொடுக்கவில்லையா என்பீர்கள். கொடுத்தார்கள், 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டமே அதனால்தான் வந்தது. அதற்காக இறந்து பிறந்த குழந்தையைப் பயத்தில் ஒளித்தவளும் கொலைகாரி ஆகிவிடுவாளா? பிறப்பை மறைப்பதற்கு நம் குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 94-வது பிரிவு தனியாகவே இருக்கிறது, அதிகபட்சம் 2 வருடம். கொலைக்கு ஆயுள் தண்டனை, ஏன், தூக்கே கிடைக்கலாம். இந்த இரண்டில் எது என்பதை ஒரு தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.