ஸ்டட்டை எண்ணாதீங்கய்யா, இடைவெளியை எண்ணுங்க!

ஆளுக்கொரு பகுதியா கட்டிக் கொண்டுவந்த லெகோ புதுச்சேரியை மண்டபத்து மேசையில சேர்க்கும்போது ஒரு மூலைத் துண்டு மூணு மில்லிமீட்டர் பொருந்தாமப் போச்சு. மூணு மில்லிமீட்டர்தானே, மூணு மில்லிமீட்டர்தானேன்னு நேத்து காலையிலேர்ந்து எத்தனை பேர் சொல்லிட்டாங்க! அந்த மூணு மில்லிமீட்டர்ல ஒரு ஊரே கோணிக்கிட்டு நிக்குது. அடுத்தவங்க மாசக்கணக்கா உட்கார்ந்து அடுக்கின வரிசை ஒன்றரை மீட்டர் நீளத்துக்குப் பிளந்து கிடக்குது. இதுல என்ன ‘தானே’?

புதுச்சேரி பழைய நகரத்தை லெகோவுல மேசை மேல கொண்டுவரணும்னு ஆசைப்படுற எல்லாரும் வந்து முட்டிக்கிற இடம் ஒண்ணுதான். உள்பக்கம் பிரச்சினையே கிடையாது. நேரு வீதி நேரா ஓடுது, மிஷன் வீதி நேரா ஓடுது, ரெண்டும் செங்குத்தா வெட்டிக்குது. 32க்கு 32 ஸ்டட் (லெகோ மேல துருத்திக்கிட்டு நிக்கிற குமிழ்) உள்ள பேஸ்பிளேட், அதாவது அடித்தட்டு, ஒரு பக்கம் 25.6 செ.மீ., ஓரத்துல துளை வெச்ச டெக்னிக் பிரிக், துளையோட துளையைப் பூட்ட நடுவுல பின். வரிசையா சொருகிக்கிட்டே போனா ஊர் தானா வந்துடும். ஆனா அந்தக் கட்டத்தைச் சுத்தி ஓடுற புல்வார் சாலை முட்டை வடிவம். அண்ணா சாலை தெற்கே இறங்கி சுப்பையா சாலையாத் திரும்புற மூலையில ஸ்டட் கட்டம் உதவாது. அங்க சாய்வு வேணும். சாய்வுன்னா கணக்கு வேணும். அந்தக் கணக்கைத்தான் அரைகுறையா போட்டுட்டு வந்து நிக்கிறாங்க.

அந்த மூலைத் துண்டு வந்து இறங்கினதை அப்படியே சொல்றேன். ரெண்டு தனித்தனி அடித்தளம், நடுவுல சாய்வா ஒரு நீளப் பட்டை, அதுதான் ரெண்டையும் பிடிச்சிருக்கு. கட்டின தம்பி கைத்திறமை உள்ளவர்தான். பிளாட்பாரம் ஓரம் ஸ்டட் இல்லாத டைல் போட்டு வழவழன்னு வெச்சிருக்கார். விளக்குக் கம்பம் அத்தனை அழகு. 45 டிகிரிக்கு, பக்கம் 17ன்னா சாய்வு 24ன்னு யாரோ சொன்னதைக் கேட்டு, அதையே எடுத்திருக்கார். ரொம்பச் சரியான எண். 17ஐ ரெண்டின் வர்க்கமூலத்தால பெருக்கினா 24.04. பிழை 0.04 ஸ்டட், அதாவது 0.33 மி.மீ. ஒரு ஸ்டட்ல நிக்கிற மூட்டு அதைத் தாங்கிடும்.

ஆனா அவர் எண்ணினது ஸ்டட்டை! கிடையா 17 ஸ்டட், நெடுக்கா 17 ஸ்டட், சாய்வுக்கு 24 ஸ்டட் பட்டை. 8 ஸ்டட் நீளமுள்ள பிளேட் (தட்டையான துண்டு) மூணு கையில இருந்துச்சு, சேர்த்தா 24, எடுத்து மாட்டிட்டார். ஐயா, மூட்டு திரும்புறது ஸ்டட்டோட நடு மையத்துல. தூரம்ங்கிறது மையத்துலேர்ந்து மையத்துக்கு. கையை விரிச்சுப் பாருங்க: விரல் அஞ்சு, இடைவெளி நாலு. 17 ஸ்டட்டுல இருக்குறது 16 இடைவெளி. 24 ஸ்டட்டுல இருக்குறது 23 இடைவெளி. 16க்கு வேண்டிய சாய்வு 22.63. போட்டிருக்குறது 23. கூடுதல் 0.37 ஸ்டட். ஒரு ஸ்டட் 8 மி.மீ. பெருக்குங்க. மூணு மில்லிமீட்டர்!

இப்போ மேசைக்கு வாங்க. அண்ணா சாலைப் பக்கம் வெச்சாங்க. பின் ‘டக்’னு உட்கார்ந்துச்சு. எல்லாருக்கும் சந்தோஷம். கிழக்குப் பக்கம் சுப்பையா சாலை வரிசைக்கிட்ட கொண்டுபோனா பின் போகல. குனிஞ்சு பார்த்தா துளையோட துளை பொருந்தல. சாய்வுல மூணு மி.மீ. கூடினா கிழக்கே 2.1, தெற்கே 2.1 தள்ளும். துளை விட்டமே 4.8 மி.மீ. அதுல பாதிக்குச் சொச்சம்தான் திறந்திருக்கு, மீதியை எதிர்ப்பக்கத்து பிரிக்கோட சாம்பல் நிறம் பிறை மாதிரி மறைச்சுக்கிட்டு நிக்குது. அந்தப் பிறையைப் பார்த்த உடனே துண்டைத் திருப்பி எடுத்திருக்கணும். கண் முன்னாடி எழுதி ஒட்டின மாதிரி இருக்கு, இது கோணப் பிழைன்னு!

எடுக்கல. “விடுண்ணே, கொஞ்சம் அழுத்துனா சேர்ந்துடும்”னாங்க.

அழுத்தினாங்க. உள்ளங்கையை வெச்சு அழுத்தினாங்க. சாய்வுப் பட்டை எங்க போகும்? நீளம் குறையுமா? நடுவுல வில் மாதிரி மேல எழும்பிச்சு. நுனியில இருந்த 1க்கு 1 வட்டப் பிளேட் சாய்ஞ்சு ஸ்டட்டை விட்டுக் கழண்டுச்சு. விளக்குக் கம்பம் விழுந்துச்சு. அதை எடுத்து நட்டாங்க. திரும்ப அழுத்தினாங்க. திரும்ப விழுந்துச்சு. “பின்னைக் கொஞ்சம் சீவிடலாமா”ன்னார் ஒருத்தர். பின்னைச் சீவுறதா! “இடுக்குல ஒரு மரம் வெச்சா தெரியாது”ன்னார் இன்னொருத்தர். “போட்டோவுல விழாது”ன்னார் மூணாமவர். கடைசியில எல்லாரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தாங்க: மூலையை அப்படியே விட்டுட்டு, சுப்பையா சாலை வரிசையை மொத்தமா கிழக்கே ரெண்டு மி.மீ., தெற்கே ரெண்டு மி.மீ. நகர்த்திடலாம்.

ஆறு பேஸ்பிளேட் வரிசை! ஆறு பெருக்கல் 25.6, ஒன்றரை மீட்டருக்கு மேல! அதுல ஒரு துண்டுகூட அவங்க கட்டினது இல்ல. தெற்கே நகர்த்தின உடனே உள் ஊருக்கும் சுப்பையா சாலைக்கும் நடுவுல கோடு போட்ட மாதிரி பிளவு. ரெண்டையும் பிடிச்சிருந்த பின்னெல்லாம் பாதி வெளியே வந்து வளைஞ்சு நிக்குது. கிழக்கே நகர்த்தினதுல கடற்கரைச் சாலைத் துண்டு மேசை விளிம்பைத் தாண்டிடுச்சு. ஒரு மூலைக்காக நாலு வரிசை கலைஞ்சுது. குழந்தைங்க பார்க்குற உயரத்துல கண்ணை வெச்சுப் பாருங்க, அந்தப் பிளவு வழியா மேசைத் துணி தெரியுது.

இதுக்கு என்ன செய்யணும்? ரெண்டு பக்கமும் 17க்குப் பதிலா 18 ஸ்டட், சாய்வுக்கு 24க்குப் பதிலா 25 ஸ்டட். ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு. முடிஞ்சது வேலை. கழட்டி மாட்ட இருபது நிமிஷம் ஆகும். அழுத்துறதுக்கும் நகர்த்துறதுக்கும் ரெண்டு மணி நேரம் இருந்துச்சு, இதுக்கு இருபது நிமிஷம் இல்ல!

முத்தியால்பேட்டையில வீடு கட்டுற எந்தக் கொத்தனாரை வேணா கேளுங்க. அஸ்திவாரத்துக்கு நூல் பிடிக்கும்போது ஒரு பக்கம் மூணு அடி, மறுபக்கம் நாலு அடி, குறுக்கே அஞ்சு அடி வந்தாத்தான் மூலை மட்டம்னு ஒத்துக்குவார். அதே 3-4-5 தான் நமக்கும். அதுலயும் இதே தப்பைப் பண்றாங்க: 3 ஸ்டட், 4 ஸ்டட், 5 ஸ்டட் பிளேட்டை எடுத்து முக்கோணம் போட்டுட்டு, சேரலையேன்னு முழிக்கிறாங்க. அது 2-3-4 ஆயிடுச்சு. இரண்டின் வர்க்கம் 4, மூன்றின் வர்க்கம் 9, கூட்டினா 13. நாலின் வர்க்கம் 16. எப்படிச் சேரும்? 4, 5, 6 ஸ்டட் எடுங்க, பிசிறில்லாம சேரும்.

45 டிகிரி மேல ஏன் இவ்வளவு பிடிவாதம்னும் புரியல. 45ல சாய்வு ஒருநாளும் முழு எண்ணா வராது. 5க்கு 7 போட்டா 0.57 மி.மீ. பிழை, பட்டை முறுக்கிக்கும். 12க்கு 17 போட்டா 0.24, பரவாயில்ல. 29க்கு 41 போட்டா 0.1 மி.மீ.தான், இடம் இருந்தா அதுதான் அருமை. இதெல்லாமே இடைவெளிக் கணக்கு, ஸ்டட் வேணும்னா எல்லாத்துலயும் ஒண்ணு கூட்டிக்கணும். 5-12-13, 8-15-17, 20-21-29 மூணும் பிழையே இல்லாத எண்கள். 20-21-29ல கோணம் 43.6 டிகிரி. 45க்கும் அதுக்கும் வித்தியாசத்தை எந்தக் கண்ணும் கண்டுபிடிக்காது. நடுவுல ஒத்தை ஸ்டட் உள்ள ஜம்பர் பிளேட் போட்டா அரை ஸ்டட், 4 மி.மீ., கிடைக்கும். அப்போ 2.5-6-6.5 மாதிரி பாதி எண்களும் உங்க கையில.

புல்வார் மூலைக்கு இதைவிட நல்ல வழி இருக்கு. சாலை ஒரே ஒடிப்பா ஒடியறது இல்ல, வளையுது. முதல்ல கிழக்கே 12, தெற்கே 16 போற ஒரு பட்டை. அடுத்தது கிழக்கே 16, தெற்கே 12 போற இன்னொரு பட்டை. ரெண்டுக்கும் நீளம் சரியா 20 இடைவெளி, அதாவது 21 ஸ்டட். மொத்தம் 28 கிழக்கே, 28 தெற்கே, முழு எண்ல கட்டத்துக்குள்ள வந்து விழும். திருப்பம் 36.87, அப்புறம் 16.26, அப்புறம் திரும்ப 36.87. கூட்டிப் பாருங்க, 90. எந்த இடத்துலயும் ஒரு முடி அளவு பிழை இல்ல, எதையும் அழுத்த வேண்டாம், பார்க்க நிஜமான வளைவு. தெற்கே இறங்குற அண்ணா சாலை கிழக்கே திரும்புறது அப்படியே கிடைக்கும்.

பட்டைக்கு அடியில ஸ்டட் இருந்தா இடிக்கும். ரெண்டு நுனியில மட்டும் 1க்கு 1 வட்டப் பிளேட், நடுவுல நாலு ஸ்டட்டுக்கு ஒரு டைல். டைலும் 3.2 மி.மீ., பிளேட்டும் 3.2 மி.மீ., உயரம் ஒண்ணாயிடும், பட்டை வழுக்கிக்கிட்டு தன் கோணத்துல தானே போய் நிக்கும். டைல் வைக்காம அந்தரத்துல விட்டா ஒரு பொம்மைக் கார் ஏறினாலே நடுவுல தொய்யும். ஓரத்து முக்கோண இடைவெளிக்கு ஆப்பு வடிவப் பிளேட்: 3க்கு 1 சரிவுள்ளது 18.43 டிகிரி, இடமும் வலமும் சேர்த்தா 36.87. 3-4-5 கோணத்துக்கு அச்சு அசல் பொருத்தம். பெட்டியில தேடுங்க, இருக்கும்.

தண்டவாளம் வைக்கிறவங்களுக்கும் இதேதான். லெகோ வளைவுத் தண்டவாளத்தோட ஆரம் நடுக்கோடு வரை 40 ஸ்டட், ஒரு துண்டு 22.5 டிகிரி, பதினாறு துண்டுல வட்டம். நாலு துண்டு போட்டா 40க்கு 40, கட்டத்துல கச்சிதமா விழும். ரெண்டு துண்டோட நிறுத்தினா நீளவாக்குல 28.28, பக்கவாட்டுல 11.72. எந்த ஸ்டட்டுலயும் உட்காராது. அதைப் போய் பேஸ்பிளேட்டோட அழுத்திப் பூட்டுறாங்க! அங்க தண்டவாளத்தை மிதக்க விடணும், அடியில டைல் போடணும்.

1836இல் ஏத்தின பழைய கலங்கரை விளக்கம் மாதிரி வட்டச் சுவர் வேணும்னா 1க்கு 2 பிரிக்கும் 1க்கு 1 வட்ட பிரிக்கும் மாத்தி மாத்தி அடுக்கணும். சதுர பிரிக் மூலை ஒண்ணோட ஒண்ணு இடிக்கும். வட்ட பிரிக்குக்கு மூலை இல்ல, அதனால சுவர் வளையும். வளையுற அளவுக்கு மேல இழுக்காதீங்க, கீழ் வரிசை ஒவ்வொண்ணா விட்டுக்கொடுக்கும்.

அழுத்தினா நிக்குதேன்னு சொல்றவங்களுக்கு: இப்போ நிக்கும். நாளைக்கு மத்தியானம் மண்டபத்துல ஏசி நின்னதும் பாருங்க. இழுவிசையில மாட்டிக்கிட்ட பிளாஸ்டிக் சும்மா இருக்காது, பிடிப்பு தளரும், 1க்கு 1 பிளேட்டுல ஓரத்துல முடி மாதிரி விரிசல் விழும். பழைய செம்பழுப்பு நிறப் பாகங்கள் சாதாரணமா கழட்டினாலே உடையுது, அதுங்க மேல போய் உள்ளங்கையை வெச்சு அமுக்குறாங்க.

வீட்டை விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடி, மூலைத் துண்டோட ரெண்டு வெளி ஓரத்துலயும் ஒவ்வொரு வெறும் பேஸ்பிளேட்டைப் பின் போட்டு மாட்டி, சமதளத் தரையில வெச்சுப் பாருங்க. ரெண்டு விரல்ல பின் உள்ளே போகணும். கட்டைவிரலை ஊன்ற வேண்டியிருந்தா எங்கேயோ ஒண்ணு குறைச்சலா எண்ணியிருக்கீங்க.

இன்னொண்ணு. இவ்வளவு நேரம் கோணத்தைப் பத்திக் கத்தினதுல விட்டுப்போச்சு. அந்தச் சாலைக்கு யார் சாம்பல் நிறப் பிளேட் குடுத்தது? 2004வாக்கில சாம்பல் நிறமே மாறிடுச்சு, பழசு மஞ்சள் ஓடினது, புதுசு நீலம் ஓடினது, ரெண்டையும் ஒரே டப்பாவுல கொட்டி வெச்சிருக்காங்க! சிமென்ட் ரோட்டுல மோர் கொட்டின மாதிரி திட்டுத்திட்டா இருக்கு. பிரிச்சு வைங்கய்யா, வெயில்ல ஜன்னல் ஓரம் வெச்சுப் பார்த்தா எது எதுன்னு உடனே தெரியும்!